பிட்யூட்டரி கட்டியும் இரத்தக் குழாய்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.பி. பார்க்க வருகிறவர்களும், ஸ்கேன் கவரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்களும் பாளையங்கோட்டையில் என்னிடம் கேட்கும் கேள்விகள் இவை. பிட்யூட்டரி கட்டி என்றதும் எல்லாரும் பார்வை போகுமா, மூளை பாதிக்குமா என்றுதான் பயப்படுகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் ஹார்மோன் சுரக்கும் கட்டிகள் பல வருடங்கள் சத்தமில்லாமல் இதயத்தையும் இரத்தக் குழாயையும் அரித்துக்கொண்டிருக்கும். அந்தப் பக்கத்தைப் பற்றி யாரும் பெரிதாகக் கேட்பதில்லை. அதனால் இங்கே அதற்குத்தான் இடம் அதிகம்.

பிட்யூட்டரி எங்கே இருக்கிறது? என்ன வேலை செய்கிறது?

மூக்குத்தண்டின் மேல்முனைக்கு நேர் பின்னால், மூளைக்கு அடியில், ஒரு சின்ன எலும்புக் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறது. கொண்டைக்கடலை அளவுதான், எடை அரை கிராமை ஒட்டி இருக்கும். அதற்கு நேர் மேலே பார்வை நரம்புகள், இரண்டு பக்கமும் மூளைக்கு இரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனிகள். ரொம்ப நெருக்கமான இடம்.

தைராய்டு, அட்ரீனல் (சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சுரப்பி), சினைப்பை, விதைப்பை எல்லாம் இதன் சொல் கேட்டுத்தான் வேலை செய்கின்றன. கீழே இருக்கும் சுரப்பி போதுமான ஹார்மோனை விட்டதும் பிட்யூட்டரி தன் உத்தரவைக் குறைத்துக்கொள்ளும். வயல் நிறைந்ததும் மடையை அடைப்பதுபோல. ஹார்மோன் சுரக்கும் கட்டி என்பது வயல் நிறைந்த பிறகும் அடைபடாத மடை.

கட்டி என்றால் புற்றுநோயா?

அநேகமாக இல்லை. உடம்பின் வேறு இடங்களுக்குப் பரவும் பிட்யூட்டரி கட்டி மிக மிக அரிது. 10 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் சின்னக் கட்டி, அதற்கு மேல் பெரிய கட்டி என்று பிரிப்பார்கள். வேறு எதற்கோ எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது பத்தில் ஒருவருக்கு அங்கே ஏதாவது ஒரு புள்ளி தெரிவதுண்டு. அதில் பெரும்பாலானவை எந்த வம்புக்கும் போகாது. உண்மையிலேயே தொந்தரவு தரும் கட்டி ஆயிரம் பேரில் ஒருவருக்கு என்ற கணக்கில் இருக்கிறது.

தலைக்குள் இருக்கும் கட்டி கால் இரத்தக் குழாயை எப்படிக் கெடுக்கும்?

தொட்டுக் கெடுப்பதில்லை, ஹார்மோனை அனுப்பிக் கெடுக்கிறது. அதனால்தான் 4 மில்லிமீட்டர் கட்டிகூட ஆளைப் படுக்கவைக்கிறது. ஹார்மோன் சுரக்காத 2 சென்டிமீட்டர் கட்டி குழாய்களை அவ்வளவாகத் தொடுவதில்லை.

இரத்தக் குழாயின் உட்பக்கம் ஒரே ஒரு செல் தடிமனில் ஒரு மெல்லிய உறை இருக்கிறது. அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவைத் துளித்துளியாக விட்டுக் குழாயைத் தளர்வாக வைத்திருக்கிறது. இரத்தம் தேவையில்லாமல் உறையாமலும் பார்த்துக்கொள்கிறது. (உடம்புக்குள் இந்த வாயு செய்யும் வேலையைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது.) ஹார்மோன் அளவு மீறும்போது முதலில் அடி வாங்குவது இந்த உறைதான். அப்புறம் குழாய் இறுகும், சுவர் தடிக்கும், கொழுப்பு படியும். இதெல்லாம் ஒரே நாளில் நடப்பதில்லை. எத்தனை வருடம் அந்த ஹார்மோனில் ஊறியது என்பதைப் பொறுத்துத்தான் சேதம்.

எந்தக் கட்டி இரத்தக் குழாய்க்கு அதிகக் கெடுதல்?

அட்ரீனல் சுரக்கும் கார்டிசோல் என்ற ஸ்டெராய்டு ஹார்மோனை ஏற்றிவிடும் கட்டி. இதற்குக் குஷிங் நோய் என்று பெயர். அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1912இல் இப்படிப்பட்ட நோயாளி ஒருவரை விவரித்தார். 1932இல் பிட்யூட்டரி கட்டிதான் காரணம் என்று எழுதினார்.

கார்டிசோல் கெட்ட சரக்கு இல்லை. காலையில் எழுந்து நடமாடவே அது வேண்டும். ராத்திரி அது இறங்க வேண்டும். இந்த நோயில் இறங்குவதில்லை. இரவும் பகலும் கார்டிசோலிலேயே கிடக்கும் உடம்பில் இப்படி நடக்கிறது:

முதலில் சிறுநீரகம். உப்பைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனின் பூட்டுக்குள் கார்டிசோலும் நுழையும். நுழையாமல் இருக்க அங்கே ஒரு நொதி காவல் நிற்கிறது; கார்டிசோலைச் செயலிழக்க வைத்து அனுப்பிவிடும். கார்டிசோல் வெள்ளமாக வரும்போது அந்தக் காவல் போதாது. உப்பும் தண்ணீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் வெளியேறும், பி.பி. ஏறும். குஷிங் நோயாளிகளில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேருக்கு பி.பி. இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். சளிக்கும் தொண்டைக்கும் நாம் சப்பும் அதிமதுரம் இதே நொதியைத்தான் தடுக்கிறது. ஒரு துண்டு சப்பினால் ஒன்றும் இல்லை. மாதக்கணக்கில் தினமும் கஷாயம் வைத்துக் குடித்தால் பி.பி. ஏறலாம், பொட்டாசியம் இறங்கலாம். பி.பி.க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை, “அது மருந்தா என்ன?” என்பார்கள்.

அடுத்து குழாய்ச் சுவர். நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது, குழாயை இறுக்கும் பிற ஹார்மோன்களுக்குச் சுவர் அளவுக்கு மீறி மசிகிறது. இதோடு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு, சர்க்கரை, கொலஸ்ட்ரால். கழுத்துத் தமனியை ஸ்கேன் பண்ணிப் பார்த்தால் வயதுக்கு மீறிச் சுவர் தடித்திருக்கும், சிலருக்குக் கொழுப்புத் திட்டும் தெரியும்.

மூன்றாவது, இரத்தம் உறைவது. உறையவைக்கும் பொருள்கள் கூடுகின்றன, உறைந்ததைக் கரைக்கும் சக்தி குறைகிறது. காலில் உறைந்த இரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. குஷிங் நோய் உள்ளவர் இரவெல்லாம் பஸ்ஸில் காலைத் தொங்கப்போட்டு வேலூருக்கோ சென்னைக்கோ போவது எனக்குப் பிடிக்காது. ரயிலில் படுக்கை எடுங்கள், நடுவில் எழுந்து நடங்கள், தண்ணீர் குடியுங்கள்.

குஷிங் நோயை வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியுமா?

குண்டாக இருக்கிறவர்களுக்கெல்லாம் குஷிங் இல்லை. நான் எடையைவிடத் தோலையும் தசையையும்தான் பார்ப்பேன். வயிற்றிலும் தொடையிலும் ஒரு சென்டிமீட்டரை மிஞ்சும் அகலத்தில் கருஞ்சிவப்பு வரிகள். பஸ் கம்பி லேசாக இடித்தால்கூடக் கன்றிப்போகும் தோல். கைகால் மெலிந்து, முகமும் வயிறும் மட்டும் பருத்த உடம்பு. குத்தவைத்தால் கையூன்றாமல் எழ முடியாது. தண்ணீர்க் குடத்தை இடுப்புக்கு ஏற்ற முடியாது. இதோடு பி.பி.யும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் பரிசோதித்தே ஆக வேண்டும்.

முட்டி வலிக்கு மாத்திரை சாப்பிட்டு முகம் உப்பிவிட்டது. இதுவும் அந்த நோய்தானா?

அறிகுறிகள் அதேதான், ஆனால் கட்டி இல்லை. எங்கள் பக்கத்தில் நான் பார்க்கும் குஷிங் முகங்களில் பெரும்பாலானவை இந்த வகை. உலகம் முழுக்கவும் அப்படித்தான்: வெளியிலிருந்து போகும் ஸ்டெராய்டுதான் முதல் காரணம், கட்டி ரொம்பப் பின்னால் வருகிறது.

முட்டி வலி, இடுப்பு வலி, மூச்சிரைப்பு என்று போனவருக்குப் பேர் எழுதாத பொட்டலத்தில் சின்ன மாத்திரை கிடைக்கும். இரண்டே நாளில் வலி ஓடிவிடும், பசி எடுக்கும். “மைனிக்கு உடம்பு நல்லாத் தேறிட்டு” என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். ஆறு மாதத்தில் பி.பி., சர்க்கரை, தோல் கன்றுதல், எலும்புத் தேய்மானம். நாட்டு மருந்து என்று சொல்லி விற்கும் சில பொடிகளிலும் ஸ்டெராய்டு கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது. முகம் வெளுக்கப் பூசும் சில களிம்புகளிலும் உண்டு.

ஆனால் தயவுசெய்து இதைப் படித்த கையோடு நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து ஸ்டெராய்டு வரும்போது நம் அட்ரீனல் தூங்கிப்போயிருக்கும். திடீரென்று நிறுத்தினால் பி.பி. அதலபாதாளத்துக்கு இறங்கி மயக்கம், வாந்தி, சில சமயம் உயிரே போகலாம். மாத்திரையைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள், அவர் படிப்படியாகக் குறைப்பார். ஸ்டெராய்டே விஷம் என்றும் சொல்லவில்லை. ஆஸ்துமாவுக்கும் வாத நோய்க்கும் முறையாகக் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து அது. எழுதாமல், சொல்லாமல் கொடுப்பதுதான் அநியாயம்.

வளர்ச்சி ஹார்மோன் கட்டி வந்தால் இதயத்துக்கு என்ன ஆகும்?

இந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி, 1886இல். சின்ன வயதில் வந்தால் ஆள் ஏழடி வளர்வார். வளர்ச்சி நின்ற பிறகு வந்தால் கை, கால், தாடை, மூக்கு, நாக்கு பெருக்கும். ரொம்ப மெதுவாக நடப்பதால் கூடவே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. அறிகுறி தொடங்கிக் கண்டுபிடிப்பதற்குள் ஐந்து முதல் பத்து வருடங்கள் ஓடிவிடுவது வழக்கம்.

முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு அம்மா கை மரத்துப்போகிறது என்று வந்தார். இலையைச் சுருட்டிவிடுகிறார்; ஆனால் நுனியை மடக்கிக் குத்தும்போது விரல் முரடாக இருப்பதால் இலை கிழிகிறது, கடையில் அந்தப் பீடியைக் கழித்துவிடுகிறார்கள். “மெட்டி ஏறமாட்டேங்கு, டாக்டர். ஆசாரிகிட்டப் போய் வெட்டித்தான் எடுத்தேன்” என்றார். மணிக்கட்டில் நரம்பு நெருக்குவதால் மரத்துப்போவது பீடி சுற்றுகிறவர்களுக்குச் சகஜம், அதோடு விட்டிருக்கலாம். மெட்டிதான் காட்டிக்கொடுத்தது. பழைய ரேஷன் கார்டு படத்தையும் அவர் முகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், தாடை வேறாக இருந்தது. பி.பி. 160க்கு 100.

அக்ரோமெகலி உள்ளவர்களில் மூன்றில் ஒருவருக்காவது பி.பி. உண்டு. வளர்ச்சி ஹார்மோனும் சிறுநீரகத்தில் உப்பைத் தங்கவைக்கிறது. இதயத்தின் சுவர் தடிக்கிறது, பி.பி. இல்லாதவருக்கும் தடிக்கும். நாக்கும் தொண்டையும் பெருத்து ராத்திரி குறட்டையோடு மூச்சு நின்று நின்று வரும், அதுவும் பி.பி.யை ஏற்றும். சர்க்கரையும் சேரும்.

மாரடைப்பு? இங்கே விஷயம் அவ்வளவு நேராக இல்லை. வளர்ச்சி ஹார்மோனின் சொல்படி கல்லீரல் உற்பத்தி செய்யும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் இரத்தக் குழாயில் நைட்ரிக் ஆக்சைடைக் கூட்டவும் செய்கிறது. அதனால் குழாய் அடைப்பு இந்த நோயினால் நேரடியாகக் கூடுகிறதா, கூடவரும் பி.பி.யும் சர்க்கரையும்தான் காரணமா என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. இதயத் தசையும் வால்வும் கெடுவதில் சந்தேகம் இல்லை.

புரோலாக்டின் கூடினாலும் குழாய் கெடுமா?

புரோலாக்டின் என்பது தாய்ப்பால் சுரக்கவைக்கும் பிட்யூட்டரி ஹார்மோன். ஹார்மோன் சுரக்கும் கட்டிகளில் இதைச் சுரப்பதுதான் அதிகம் வருவது. பெண்களுக்கு மாதவிலக்கு நின்றுபோகும், பிள்ளை பெறாமலே பால் வரும், கரு தங்காது. ஆண்களுக்கு ஆசை குறையும்; வெட்கப்பட்டு வெளியே சொல்லமாட்டார்கள், கட்டி பெரிதாகிப் பார்வை மங்கிய பிறகுதான் வருவார்கள்.

இரத்தக் குழாயைப் பொறுத்தவரை முதல் இரண்டைவிடக் கெடுதல் குறைவு. எடை கூடுவது, இன்சுலின் வேலை செய்யாமல் போவது, கெட்ட கொலஸ்ட்ரால் ஏறுவது இதெல்லாம் காணப்படுகிறது. ஈஸ்ட்ரோஜனும் டெஸ்டோஸ்டிரோனும் குறைவதும் ஒரு காரணம். கேபர்கோலின் மாத்திரையில் புரோலாக்டின் இறங்கினால் இவையும் பெரும்பாலும் இறங்குகின்றன.

ஸ்கேனுக்கு ஓடும் முன் மாத்திரை டப்பாவைக் கொட்டிப் பாருங்கள். நெஞ்செரிச்சலுக்குக் காலையில் வெறும் வயிற்றில் போடும் கூட்டு மாத்திரைகளில் டோம்பெரிடோன் இருக்கும். அது புரோலாக்டினை நன்றாகவே ஏற்றும். சில மனநல மருந்துகளும், தைராய்டு குறைவும், கர்ப்பமும் ஏற்றும். மில்லிலிட்டருக்கு 200 நானோகிராமைத் தாண்டினால் கட்டி என்ற சந்தேகம் வலுக்கும். 50, 60 என்று வந்தால் முதலில் மருந்துச் சீட்டைத்தான் பார்க்க வேண்டும். மனநல மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தக் கூடாது.

கேபர்கோலின் இதய வால்வைக் கெடுக்கும் என்கிறார்களே?

பார்க்கின்சன் நோய்க்குத் தினமும் 3 மில்லிகிராம், அதற்கு மேல் என்று கொடுத்தபோது வந்த பிரச்சினை அது. புரோலாக்டினுக்கு வாரத்துக்கே அரை மில்லிகிராமோ ஒன்றோதான். இந்த அளவில் பயம் குறைவு. கூடின அளவில் வருடக்கணக்காகச் சாப்பிடுகிறவர்களுக்கு எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துப் பார்ப்போம். ஆரம்பத்தில் எழுந்து நின்றால் தலை சுற்றும், அதனால் ராத்திரி சாப்பாட்டோடு போடச் சொல்வோம். திடீரென்று சூதாட்டத்திலோ செலவிலோ கட்டுக்கடங்காத ஆசை வந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள், மருந்தின் வேலையாக இருக்கலாம்.

தைராய்டைத் தூண்டும் கட்டி?

ரொம்ப அரிது. தைராய்டு ஏறி, இதயம் தாளம் தப்பித் துடித்தால் இதய அறைக்குள் இரத்தம் உறைந்து பக்கவாதம் வரலாம்.

எனக்கு பி.பி. இருக்கிறது. நானும் பிட்யூட்டரி ஸ்கேன் எடுக்கவா?

வேண்டாம். நூறு பி.பி. நோயாளிகளில் தொண்ணூறு பேருக்கு மேல் எந்தக் கட்டியும் இருக்காது. கருவாடு, அப்பளம், ஊறுகாய், வம்சம், வயது இதுவே போதும்.

எனக்குச் சந்தேகம் தட்டுவது வேறு ஆட்களிடம். நாற்பது வயதுகூட ஆகாமல் பி.பி. வந்தவர், மூன்று மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இறங்காதவர், நீர் மாத்திரை சாப்பிடாமலே பொட்டாசியம் குறைந்தவர். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தருகிறார்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் மாத்திரை வாசலுக்கே வந்துவிடுவதால் டாக்டர் முகத்தைப் பார்க்காமலே வருடம் ஓடிவிடுகிறது. அளவு இறங்காமலே இருந்தால் வீட்டுக்கு வரும் அந்தச் சகோதரியிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். இப்படிப்பட்டவர்களிடமும் பிட்யூட்டரி மட்டும்தான் காரணம் என்று இல்லை. சிறுநீரகத் தமனி அடைப்பும் அட்ரீனல் கட்டியும் அதைவிட அதிகம்.

என்ன பரிசோதனை செய்வார்கள்?

முதலில் இரத்தம், அப்புறம்தான் ஸ்கேன். இந்த வரிசை மாறினால் வீண் குழப்பம். முன்னே சொன்ன பத்தில் ஒரு புள்ளியைப் பார்த்துப் பயந்துவிடுவோம்.

குஷிங்கிற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. ராத்திரி 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்சாமெதசோன் என்ற ஸ்டெராய்டு. பெரும்பாலும் அரை மில்லிகிராம் மாத்திரை இரண்டாகக் கொடுப்பார்கள். மறுநாள் காலை 8 மணிக்கு இரத்தம். சாதாரண ஆளுக்கு கார்டிசோல் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிடும். இறங்காவிட்டால் அடுத்த கட்டம்: 24 மணி நேரச் சிறுநீர், இல்லை நடு ராத்திரி எச்சில். கருத்தடை மாத்திரையும் வலிப்பு மருந்தும் கணக்கைக் குழப்பும், முன்பே சொல்லிவிடுங்கள். மருந்து போட மறந்துவிட்டு ‘போட்டேன்’ என்று சொல்கிறவர்களால் நாங்கள் பட்ட பாடு தனிக் கதை.

அக்ரோமெகலிக்கு ஐ.ஜி.எஃப்-1 போதும், தேவைப்பட்டால் குளுக்கோஸ் குடிக்கவைத்து வளர்ச்சி ஹார்மோன் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். கட்டி உறுதியானால் எக்கோ, சர்க்கரை, கொலஸ்ட்ரால், குறட்டை இருந்தால் தூக்கப் பரிசோதனை. இவற்றை ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று தள்ளாதீர்கள்.

அறுவை சிகிச்சைக்கு மண்டையைப் பிளப்பார்களா?

பெரும்பாலும் மூக்கு வழியாகத்தான். புரோலாக்டின் கட்டிக்குப் பெரும்பாலும் அதுவும் வேண்டியிருக்காது, மாத்திரையே சுருக்கிவிடும். சின்ன குஷிங் கட்டிகளில் அனுபவமுள்ள கைகளில் பத்தில் ஏழெட்டுப் பேருக்கு நோய் அடங்கிவிடுகிறது. இந்த இடத்தில் கைப்பழக்கம்தான் எல்லாம். பிட்யூட்டரி அறுவை அடிக்கடி நடக்கும் இடத்துக்குப் போங்கள் என்பேன். ஐகிரவுண்டு அரசு மருத்துவமனையில் காட்டி வழி கேளுங்கள். நம் ஆட்கள் மதுரைக்கும், திருவனந்தபுரம் ஸ்ரீசித்திராவுக்கும், வேலூர் சி.எம்.சி.க்கும் போகிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை அங்கே செல்லுமா என்று கிளம்பும் முன்பே போனில் கேட்டுவிடுங்கள்.

கட்டியை எடுத்தாயிற்று. இனி பி.பி. மாத்திரை வேண்டாம்தானே?

எல்லாரும் கேட்கும் கேள்வி. எல்லாருக்கும் பிடிக்காத பதில். சிலருக்கு பி.பி. முழுக்கச் சரியாகும். பலருக்குக் குறையும், போகாது. வருடக்கணக்கில் தடித்த சுவர் ஒரு மாதத்தில் மெலிவதில்லை. குஷிங் அடங்கிய பிறகும் சில வருடங்களுக்கு இதய நோய் ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதலாகவே இருக்கிறது. இரத்தம் உறையும் ஆபத்தும் அறுவை முடிந்த முதல் வாரங்களில் குறைவதில்லை. அக்ரோமெகலியில் நிலைமை கொஞ்சம் தேவலை: ஹார்மோன் அளவு சரியாகிவிட்டால் ஆயுள் மற்றவர்களைப்போலவே ஆகிவிடுகிறது, இதயச் சுவரின் தடிப்பும் ஓரளவு குறைகிறது.

ஆக, மாத்திரையைக் குறைப்பதை டாக்டர் செய்யட்டும். வீட்டில் பி.பி. பார்த்து நோட்டில் எழுதுங்கள். பீடி, சிகரெட் வேண்டாம். கட்டி திரும்ப வருவதும் உண்டு, பத்து வருடம் கழித்துக்கூட; வருடத்துக்கு ஒரு முறை ஹார்மோன் பார்க்க வேண்டும்.

அல்வா சாப்பிடலாமா?

சர்க்கரை கட்டுக்குள் இருந்தால் விசேஷத்துக்கு ஒரு துண்டு. கருவாட்டுக் குழம்பைத்தான் நான் அதிகம் கண்டிப்பேன்.

பிள்ளைகளுக்கு வருமா?

பெரும்பாலும் வராது. குடும்பத்தில் இன்னொருவருக்கும் பிட்யூட்டரி கட்டியோ, கால்சியம் ஏறிச் சிறுநீரகக் கல்லோ, கணையக் கட்டியோ இருந்தால் மரபணுக் கோளாறு இருக்கலாம், சொல்லுங்கள்.

எப்போது உடனே ஓட வேண்டும்?

திடீரென்று இதுவரை வராத தலைவலி, வாந்தி, பார்வை இரண்டாகத் தெரிவது, இமை தொங்குவது: கட்டிக்குள் இரத்தம் கசிந்திருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, மூச்சு வாங்கி நெஞ்சு குத்துவது: இரத்தம் உறைந்திருக்கலாம். அறுவைக்குப் பின் ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டெராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் சொல்லிக்கொடுத்தபடி அளவைக் கூட்ட வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்கவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஊசிதான் போட வேண்டும். 108ஐக் கூப்பிடுங்கள். ‘ஸ்டெராய்டு சாப்பிடுகிறவர்’ என்று ஒரு அட்டையில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிச் சட்டைப்பையிலோ பர்ஸிலோ வைத்திருங்கள். மயங்கிக் கிடக்கும்போது அதைச் சொல்ல நமக்கு வாய் வராது.